செல்போன் பேசப் போன நர்ஸ்

ஏலவார்குழலி எம்.பி.ஏ. படிக்கப் போனது ஆசைப்பட்டு அல்ல. அவள் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருக்கும் காஞ்சிபுரத்துத் தனியார் மருத்துவமனையின் நிர்வாக இயக்குநர், எல்லோருக்கும் எம்.டி., ஒருநாள் கூப்பிட்டு, "இனிமே பொறுப்புல இருக்கறவங்க எல்லாம் மேனேஜ்மென்ட் படிச்சிருக்கணும் மேடம். தர ஆய்வுக்கு வர்றவங்க அதத்தான் மொதல்ல கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆக, பெற்ற பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில் அம்மாவும் தோளில் பை மாட்டிக்கொண்டு, ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சனி ஞாயிறு வகுப்புக்குப் போகத் தொடங்கினாள்.

போன பிறகு பிடித்துப்போயிற்று. வகுப்பில் டாக்டர்கள் இருந்தார்கள், ஸ்கேன் சென்டர் நடத்துகிறவர்கள் இருந்தார்கள், அப்பா கட்டிய ஆஸ்பத்திரியை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். படிப்பு மருத்துவமனை நிர்வாகம். பேராசிரியர் முனிரத்தினம் பாடப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். அவருக்கு எல்லாமே கேஸ்தான். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கதைபோல நாலு பக்கம் எழுதி, சிக்கல் முற்றுகிற இடத்தில் நிறுத்தி, 'நீங்கள் நிர்வாகியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்க அடித்துக்கொள்ள வேண்டியது. இத்தனை வருடம் டாக்டர்கள் பேசப் பேசக் கைகட்டிக் கேட்டவளுக்கு, அவர்களோடு சரிக்குச் சரி உட்கார்ந்து சண்டை போடக் கிடைத்தால் கசக்குமா?

கடைசிப் பருவத்தில் ஆளுக்கு ஒரு கேஸ் எழுதித் தர வேண்டும். சொந்த அனுபவமாக இருக்க வேண்டும். "ஊர மாத்துங்க, பேர மாத்துங்க. நடந்தத மாத்தாதீங்க" என்றார் முனிரத்தினம்.

எதை எழுதுவது என்று குழலி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முந்தின வைகாசியில் நடந்த ஒன்று அவள் நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று கருட சேவை. வரதராஜர் கருடன்மேல் ஏறி ஊருக்குள் வருகிற நாளில் தெருவுக்குத் தெரு மோர்ப்பந்தல் போடுவார்கள். மருத்துவமனையும் வாசலில் மோருக்கும் முதலுதவிக்குமாக ஒரு பந்தல் போட்டிருந்தது. காலையில் எம்.டி. போன் பண்ணினார். "பந்தல்ல யூனிஃபார்மோட ரெண்டு பேராவது நிக்கணும் மேடம். பேப்பர்காரங்க வர்றாங்க." பாதிப் பேர் சாமி பார்க்க லீவு போட்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒருத்தியை ஏற்கெனவே பந்தலில் நிறுத்தியாயிற்று. இன்னொருத்திக்குக் குழலி மாடி வார்டுக்கு ஏறிப்போனாள். அங்கே நதியா மட்டும்தான் இருந்தாள்.

நதியா பக்கத்துத் தாமல் கிராமத்துப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு குழலியிடம் வந்து சேர்ந்து பல வருடம் ஆயிற்று. அவள் ஊசி போட்டால் குழந்தைகள்கூட அழாது. "போட்டோவுக்கு நிக்கணும், வா" என்றதும் அவள் தயங்கினாள்.

"காலையில ஆபரேஷன் ஆன தாத்தா இருக்காரு அக்கா. இன்னும் மயக்கம் சரியா தெளியல. எழுந்திருக்கணும் எழுந்திருக்கணும்னு சொல்லிக்கினே இருக்காரு. நான் வந்துட்டா வார்டுல யாரும் இல்லயே."

"கொஞ்ச நேரம்தானே. நான் பாத்துக்கறேன், நீ போமா" என்றாள் குழலி.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள். ஆனால் வெயிலில் மயங்கி விழுந்தவர்களைக் கூட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததால், கீழே இருந்து அவளைக் கூப்பிட்டார்கள். போனாள். அந்த இடைவெளியில் தாத்தா தானாக எழுந்து கழிவறைக்கு நடக்கப் பார்த்து, விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

எம்.டி. குழலியை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த நேரத்தில் வார்டு யார் பொறுப்பு என்று கேட்டார். "நதியா" என்றாள் குழலி. முறைப்படி அது பொய் இல்லை. அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. பந்தல் பேச்சு வந்தால் தனக்கும் சங்கடம் என்பதால் எம்.டி.யும் திறக்கச் சொல்லவில்லை. பெரியவரின் வீட்டார் பெரிதுபடுத்தாததால், நதியாவுக்கு ஓர் எச்சரிக்கை, வார்டிலிருந்து ஊசி போடும் அறைக்கு மாற்றம் என்று விஷயம் முடிந்தது. தன் வேலை தப்பியதற்குக் குழலிதான் காரணம் என்று நதியா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். "உள்ள நீங்கதான் எனக்காகப் பேசியிருப்பீங்கன்னு தெரியும் அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குழலி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

இதைத்தான் அவள் கேஸாக எழுதக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எழுதினாலாவது பாரம் குறையும் என்று நினைத்தாள். தாத்தாவைப் பாட்டி ஆக்கினாள். இடுப்பைத் தோள்பட்டை ஆக்கினாள். காஞ்சிபுரத்தை மேற்கே எங்கோ கொண்டுபோய் வைத்தாள். திருவிழாவை எடுத்துவிட்டாள். அங்கேதான் வினை வந்தது. திருவிழா இல்லையென்றால் பந்தல் இல்லை. பந்தல் இல்லையென்றால் அந்த நர்ஸ் எதற்காக வார்டை விட்டுப் போனாள்? சூப்பரின்டென்டென்ட் அனுப்பினாள் என்று எழுதலாம். எழுதினால் வகுப்பில் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். விரல் கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு, நர்ஸ் செல்போனில் பேசுவதற்காக யாரிடமும் சொல்லாமல் மாடிப்படிக்குப் போனாள் என்று அடித்தாள். அடித்து முடித்ததும் கேஸ் கச்சிதமாக வந்துவிட்டதுபோல அவளுக்கே தோன்றியது.

வகுப்பில் அது பற்றிக்கொண்டது. நர்ஸை உடனே வெளியே அனுப்ப வேண்டும் என்று பாதிப் பேர், வார்டில் செல்போனையே தடை செய்ய வேண்டும் என்று மீதிப் பேர். முனிரத்தினம் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் அவளைக் கெடுத்தது. மதியம் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வாலாஜாபாத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டு கூடப் படிக்கும் சிவபாலன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், உண்மையச் சொல்லுங்க, இது உங்க ஆஸ்பத்திரியில நடந்ததுதானே? யாரு அந்த சிஸ்டர்?"

பாராட்டு வாங்கிய வாய் நிதானமாகவா இருக்கும்? "நதியான்னு ஒரு பொண்ணு சார். தாமல். மத்தபடி நல்ல பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன அடுத்த நொடியே திக்கென்றது. சிவபாலன் அதற்குள் கிரிக்கெட் பேசத் தொடங்கியிருந்தார். மறந்துவிடுவார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

படிப்பு முடிந்து சில மாதம் கழித்து ஒரு மாலை, நதியா வாடிய முகத்தோடு குழலியின் அறைக்கு வந்தாள்.

"வாலாஜாபாத்ல ஒரு ஆஸ்பத்திரியில வார்டு இன்சார்ஜ் வேலைக்குப் போயிருந்தேன் அக்கா. நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு அந்த சாரு. எங்க வேலை பாக்கறீங்கன்னு கேட்டாரு, சொன்னேன். எந்த ஊருன்னாரு, தாமல்னேன். அப்புறம் மொகமே மாறிப்போச்சு. சொல்லி அனுப்பறோம்னு அனுப்பிட்டாரு."

குழலி நதியாவை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சிவபாலனுக்குப் போன் பண்ணினாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் பண்ணினாள்.

"மேடம்! நானே உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன்" என்றார் அவர், அவளைப் பேசவே விடாமல். "அந்தப் போன் பைத்தியம் இங்க வேலைக்கு வந்துச்சு. நீங்க மட்டும் சொல்லலன்னா இன்சார்ஜா போட்டுத் தொலைச்சிருப்பேன். நல்ல வேளை!"

"ஆமா சார்" என்றாள் குழலி. போனை வைத்துவிட்டு, தன்னைப் போன்ற ஒரு கோழையைத் தன் வார்டில் ஒரு நாளும் விட்டுவைத்திருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் நதியாவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். "டிகிரிக்கு மேல ஒண்ணும் இல்லன்னுதான் வேணாம்னுட்டாங்கபோல அக்கா. இப்பல்லாம் உங்கள மாதிரி எம்.பி.ஏ. கேக்கறாங்க இல்ல?"

குழலி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், அதுதான், நீயும் சேர்ந்துவிடு என்றாள். வார விடுமுறையை மாற்றிக் கொடுத்தாள். முனிரத்தினத்திடம் நேரில் போய் நதியாவைப் பற்றிப் புகழ்ந்து தள்ளினாள். கம்பெனி வேன் ஓட்டும் நதியாவின் புருஷன், இந்த வயசில் படிப்பு எதுக்கு என்று முணுமுணுத்தபோது, அவனையும் வரவழைத்து அரை நாள் பேசிச் சம்மதிக்க வைத்தாள். நதியாவுக்கு இடம் கிடைத்தது. பட்ட கடனை வேறு வழியாகவாவது தீர்த்துவிட்டோம் என்று குழலி அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த நிம்மதி வகுப்புத் தொடங்குகிற வாரம்வரை நீடித்தது. முனிரத்தினம் போனில் கூப்பிட்டார். "புது பேட்ச்சுக்கு மொதல் வகுப்புல உங்க கேஸத்தான் எடுக்கறேன் மேடம். நீங்களும் வரணும். எழுதினவங்க யாருன்னு கடைசியிலதான் சொல்லுவேன், ஒரு சுவாரசியமா இருக்கும்."

"அது பழசு சார். வேற ஏதாவது எடுங்களேன்" என்றாள் குழலி.

"பழசா? போன வருஷம் எழுதினது! எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பியும் ஆச்சு."

ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டார். அவளிடம் இருந்த ஒரே பதில் உண்மை. அதை அவரிடம் சொல்லும் முன் நதியாவிடம் சொல்வதுதான் நியாயம் என்று நினைத்து, அப்புறம் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள். நியாயமும் கொஞ்சம் இருந்தது, பயமும் கொஞ்சம் இருந்தது.

அன்று மதியமே ஊசி போடும் அறைக்குப் போனாள். நதியா ஒரு கைக்குழந்தையின் தொடையைத் தேய்த்து விட்டுக்கொண்டிருந்தாள். குழலியைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. "பை வாங்கிட்டேன் அக்கா. என் பொண்ணு என்னைப் பாத்து சிரிக்குது, அம்மாவும் ஸ்கூல் போறாங்கன்னு. என்னமோ கேஸ் அனுப்பியிருக்காங்க, இன்னும் படிக்கல. நீங்க இல்லன்னா எனக்கு இதெல்லாம் ஏது? எங்க வீட்ல விளக்கேத்தும்போது உங்க பேரையும் சேத்துத்தான் கும்பிட்டுக்கறேன்."

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒருத்தியால் எப்படி வாயெடுக்க முடியும்? "நல்லா படிமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். படித்ததும் அவளுக்கே தெரிந்துவிடும், வந்து சண்டை போடுவாள், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று சனிக்கிழமைவரை ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தாள். நதியா வரவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் குழலி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன் வரிசையிலிருந்து நதியா திரும்பிப் பார்த்து, "எனக்காகவா அக்கா வந்தீங்க?" என்று வாய்க்குள்ளேயே கேட்டுக் கையாட்டினாள். அவள் முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. படிக்காமலே வந்துவிட்டாளோ என்று குழலி குழம்பினாள்.

வகுப்பு தொடங்கியது. போன வருடம்போலவே பற்றிக்கொண்டது. ஓர் எலும்பு டாக்டர் நர்ஸை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். ஒரு பெண், ஆள் பற்றாக்குறையையும் பார்க்க வேண்டாமா என்றாள். முனிரத்தினம் சுற்றிப் பார்த்துவிட்டு முன் வரிசைக்கு வந்தார்.

"நீங்க நர்ஸ்தானே? நதியா. நீங்க சொல்லுங்க. இந்தப் பொண்ண என்ன செய்யலாம்?"

நதியா எழுந்தாள்.

"அனுப்பிடணும் சார். ரெண்டு தரம் படிச்சேன், கோவம் கோவமா வந்துச்சு. மயக்கம் தெளியாத பேஷன்ட்ட விட்டுட்டு யாராச்சும் போன் பேசப் போவாங்களா? எனக்கும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு சார். ஒரு தாத்தா விழுந்துட்டாரு. ஆனா நானா போகல. போகச் சொன்னாங்க, போனேன். அதனாலதான் எங்க சூப்பரின்டென்டென்ட் மேடம், விசாரணையில நான்தான் அனுப்பினேன்னு எனக்காக நின்னாங்க. அதோ, பின்னால உக்காந்துக்கினு இருக்காங்களே, அவங்கதான். இன்னிக்கு நான் இங்க நிக்கறதே அவங்களால. இந்தப் பொண்ணுக்காக அப்படி நிக்க ஒருத்தரும் வரல பாருங்க. தப்பு இவமேலதான்னு அதுலயே தெரியுது இல்ல?"

வகுப்பே திரும்பிக் குழலியைப் பார்த்தது. யாரோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

குழலிக்கு உடம்பு கூசியது. நதியா படித்திருக்கிறாள், இரண்டு முறை படித்திருக்கிறாள், அதில் தன்னைக் காணவில்லை. எப்படிக் காண்பாள்? அவளை அவளாக்கும் ஒரே விஷயத்தைத்தான் குழலி எடுத்துவிட்டிருந்தாளே.

"ரொம்ப நல்லது" என்றார் முனிரத்தினம், மகிழ்ச்சியோடு. "இதுல ஒரு விசேஷம் என்னன்னா, இந்தக் கேஸ எழுதினதும் அந்த மேடம்தான்." வகுப்பில் சலசலப்பு எழுந்தது. நதியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அக்கா எழுதினதா!" என்றாள். முனிரத்தினம் வழக்கமாகக் கேட்கும் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "சொல்லுங்க மேடம், அந்த நர்ஸுக்கு அப்புறம் என்ன ஆச்சு? இப்ப எங்க இருக்காங்க?"

கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள் என்று சொன்னால் போதும். மணி அடித்துவிடும், எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தப் பதில் குழலியின் வாய்வரை வந்தது. நதியா சிரித்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கதான் இருக்கா சார்" என்றாள் குழலி. "முன் வரிசையில நிக்கிறா."

யாருக்கும் புரியவில்லை. அவள் எழுந்து நின்று சொன்னாள். நர்ஸ் போன் பேசப் போகவில்லை. மோர்ப்பந்தலில் போட்டோவுக்கு நிற்கச் சொல்லி அனுப்பியது தான்தான். அவள் தயங்கினாள், தாத்தா எழுந்துவிடுவார் என்று சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவளும் தான்தான், வார்டை விட்டுக் கீழே போனவளும் தான்தான். கேஸில் போனைக் கொண்டுவந்து வைத்தது தன் பெயர் கெடாமல் இருப்பதற்காக. முனிரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

நதியாவின் முகத்திலிருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாலாஜாபாத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த சார் என்கூடப் படிச்சவரு. அவர்கிட்ட உன் பேரச் சொன்னது நான்தான். அவரும் நீ போன் பேசப் போனதாத்தான் இன்னிக்குவரைக்கும் நினைச்சுக்கினு இருக்காரு. உனக்கு இந்தப் படிப்பு இல்லாததால போகல அந்த வேலை. என்னால போச்சு."

எலும்பு டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நதியா எதையோ கணக்குப் போடுகிறவள்போல நின்றாள். பிறகு, அத்தனை பேரும் இருப்பதை மறந்து, வார்டில் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் அக்கா. விசாரணையில... எனக்காகப் பேசினீங்களே. அதாச்சும் நெசந்தானே?"

அந்த அறைக்குள் நடந்தது எம்.டி.க்கும் குழலிக்கும் மட்டுமே தெரியும். எம்.டி. ஒருநாளும் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்ணின் கண்கள் ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தன. அதைச் சொல்லிவிட்டால் அவளுக்கும் ஒரு பிடிமானம் இருக்கும், தனக்கும் இருக்கும் என்று குழலிக்குத் தெரிந்தது.

"இல்லமா" என்றாள். "நான் பேசல."

நதியா தலையாட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்ன பதில மாத்திக்கணும் சார்" என்றாள். "அனுப்ப வேண்டியது அந்த நர்ஸ இல்ல."